கடைப்படி ஏறாத அரசியலமைப்பு

ஓய்வு பெற்ற லேபர் உத்தியோகத்தனை ஊர் சும்மா இருக்க விடாது. கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் பக்கத்தில் இருக்கிறவர் தொடங்குவார். "சேர், பார்மசியில என்ட மகள நிப்பாட்டிட்டானுகள். இது அடிப்படை உரிமை மீறல்தானே?" நான் இறைச்சித் துண்டைப் பார்ப்பேனா, அவர் மகளின் உரிமையைப் பார்ப்பேனா? உறுப்புரை, உபபிரிவு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் சஹனில் எலும்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

போன மாதம் என் பழைய தொழில் திணைக்களக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளை ஒருத்தி போன் எடுத்தாள். கடையொன்றில் வேலை செய்த ஒருவர் முதலாளியைப் பற்றிப் பேஸ்புக்கில் ஏதோ எழுதிவிட்டாராம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கருத்துச் சொல்லும் சுதந்திரம் அரசியலமைப்பில் இருக்கிறதே, முதலாளிக்கு எதிராக உயர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டுக்கொண்டு அந்த ஆள் வந்து அவள் முன்னால் இருக்கிறாராம்.

"போகேலாது மகள். ஆனா அவர அனுப்பிப்போடாத. இருக்கச் சொல்லு" என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, கையோடு முபாறக்கின் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், "இத எழுதி வைங்க சேர்" என்றாள். எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். போனால் போகட்டும், பென்ஷன் போகாதுதானே.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் ஓர் அறை, தலைமாட்டில் சட்டப் புத்தகங்கள், சிங்களத்தில் நடந்த வகுப்பில் மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவைத்தது. அவ்வளவுதான். வேலையைப் படித்தது ஊருக்குத் திரும்பி வந்து, என் மேலதிகாரி தங்கவடிவேல் சேரிடம்.

அவர் தம்பிலுவில் ஆள். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். அவருடைய மேசைக்கு முன்னால் முதலாளிக்கு, தொழிலாளிக்கு, சாட்சிக்கு என்று மூன்று கதிரைகள் இருந்தன, மூன்றும் ஒரே உயரம். ஒரு தடவை ஒன்றின் கால் உடைந்தபோது உயரமான கதிரையொன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, உடைந்த கால் திருத்தி வரும்வரைக்கும் மூன்று நாள் விசாரணையை நிறுத்தி வைத்தார். "முதலாளி ரெண்டு விரல் உசரத்தில இருந்தா, தொழிலாளிட குரல் நாலு விரல் இறங்கும் தம்பி" என்றார். எனக்கு அப்போது அது கிழட்டுப் பிடிவாதமாகத்தான் பட்டது.

வாக்குமூலம் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார், தாள் பறக்குமாம். நாங்கள் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து இருப்போம். முதலில் பென்சிலால் எழுதுவார். எழுதினதை வாசித்துக் காட்டி, "இது நீங்க சொன்னதா, நான் நினைச்சதா?" என்று கேட்பார். "நான் சொன்னதுதான்" என்ற பிறகுதான் பேனையை எடுப்பார். யாராவது "என்ன வேலையால நிப்பாட்டிட்டாங்க" என்றால் அதை எழுதவே மாட்டார். "நிப்பாட்டினது எண்டுறது உங்கட முடிவு. அவர் சொன்ன சொல் என்ன? அந்தச் சொல்ல அப்பிடியே சொல்லுங்க" என்பார்.

ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பனியொன்றில் வேலை பார்த்த இளம் பெண்பிள்ளையொன்று ஒரு நாள் பள்ளிக்கூடக் குடியுரிமைக் கல்விப் புத்தகத்தோடு வந்தது. ஆண்களுக்கு ஒரு வேலை நேரம், தனக்கு ஒரு வேலை நேரம், இது சமத்துவ உரிமைக்கு மாறு என்று பக்கத்தை விரித்துக் காட்டியது. சேர் அதை முழுக்க வாசித்தார். பிறகு சொன்னார்: "புள்ள, இந்த உரிமைகள் நாட்டிட உத்தியோகத்தரப் பிடிக்கிற தூண்டில். நான் உங்களுக்கு அநியாயம் செஞ்சா, ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போய் என்ன இழுக்கலாம். உங்கட முதலாளி அதில கொழுவமாட்டார். அவருக்கு வேற வலை கிடக்கு." அந்த வலைதான் தொழிற் சட்டங்கள். அந்தப் பிள்ளைக்கு அதை வீசித்தான் நேரத்தைச் சரிப்படுத்திக் கொடுத்தோம். தூண்டிலும் வலையும் வேறு வேறு என்று அன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் தூண்டிலில் அகப்படக்கூடிய மீன் நான்தான் என்பது விளங்க இன்னும் காலம் எடுத்தது.

இனி முபாறக்.

எங்கள் ஊர்களில் குடி என்றொன்று இருக்கிறது. தாய்வழி வம்சம். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. குடிக்கு ஒரு மரைக்காயர் இருப்பார். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்காகக் கதைப்பதும், குடிக்குள் பிணக்கு வந்தால் இரண்டு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்பதும் அவர் வேலை. எங்கள் குடிக்கு அந்த வருடம் புதிய மரைக்காயரைத் தெரிய வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் மண்டபத்தில் கூடினோம். முப்பது முப்பத்தைந்து பேர் இருக்கும். நானும் இருந்தேன்.

பேர் சொல்லப்பட்டவர் ஒரே ஆள், ஹாட்வெயார் ஹாஜியார். எனக்கு உம்மா வழியில் மாமா முறை. பஸாரில் பெரிய இரும்புக்கடை. நல்ல மனிதர், கொடைக்குக் கை நீளும். கோபத்துக்கு நாக்கு அதைவிட நீளும். தான் போட்டியிடுகிற கூட்டத்துக்குத் தானே தலைமை தாங்கினார். அதில் என்ன பிழை என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

எல்லோரும் "மாஷா அல்லாஹ், பொருத்தமான ஆள்" என்று தலையாட்டி முடிகிற நேரத்தில் முபாறக் எழும்பினான். ஹாஜியாரின் கடையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவன். எந்தத் தட்டில் எந்த ஆணி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதே குடிதான், எனக்கு இளையவன், என்னைக் 'காக்கா', அண்ணன், என்று கூப்பிடுகிறவன்.

"ஹாஜியார் தங்கமான மனிசன்" என்றான். "ஆனா மரைக்காயர் எண்டா ரெண்டு பக்கமும் கேக்கணும். ஹாஜியார் ஒரு பக்கம்தான் கேப்பார், அதுவும் அவர்ட பக்கம். பத்தொம்பது வருஷமா பக்கத்தில நிண்டு பாத்த ஆள் நான். மனசில கிடந்தத சொல்லிட்டன், கோவிக்கப்படா."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. ஹாஜியாரின் முகம் சிவந்தது.

"என்ட சோத்தத் திண்டு வளந்துட்டு என்னையே கதைக்கிறயா? நாளையிலிருந்து என்ட கடைப்படி மிதிக்காத!"

இரண்டு பக்கத்தையும் கேட்கமாட்டார் என்று சொன்னவனை, ஒரு பக்கத்தைக்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல அங்கே ஆளில்லை. முபாறக் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். நான் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தெரிவை ஒத்திவைத்தார்கள், பிளேன்டீ வந்தது, குடித்தோம்.

திங்கட்கிழமை காலையில் முபாறக் கந்தோருக்கு வந்தான். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய அரசியலமைப்புப் புத்தகம்.

"சேர், பதினாலாம் உறுப்புரையில எழுதிரிக்கி. எல்லாப் பிரசைக்கும் கதைக்கிற சுதந்திரம் இரிக்காம். நான் கதைச்சதுக்குத்தானே என்னை அனுப்பினார்?"

அவன் 'சேர்' என்றது எனக்குச் சுருக்கென்றது. தங்கவடிவேல் சேரின் தூண்டில் கதையை அவனுக்குச் சொன்னேன். அந்தப் புத்தகம் கடைப்படி ஏறாது, அரசாங்கத்தின் வாசலோடு நின்றுவிடும் என்றேன். அவன் புத்தகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப உங்கள ஆராச்சும் இப்பிடி அனுப்பினா?"

"நான் அரசாங்க உத்தியோகத்தன். எனக்கு அது உதவும்."

"அப்பிடியா" என்றான். புத்தகத்தை மறுபடி பொலித்தீன் பையில் சுற்றினான்.

அவன் நிலைமை பொல்லாதது. நாற்பதுக்கு வந்துவிட்ட ஆள், கடை வேலை தவிர வேறு தெரியாது. ஹாஜியார் வர்த்தகர் சங்கத்திலும் பெரிய ஆள். அவர் அனுப்பினவனை பஸாரில் வேறு எந்தக் கடையும் எடுக்காது. முறைப்பாட்டை நானே எழுதினேன். சாட்சிகள் என்ற இடம் வந்தது. "கேட்டது ஆர்?" என்றேன், சேரிடம் பழகின பழக்கம். அவன் என் மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டு, "முப்பது பேருக்கு மேல இருந்தாங்க சேர். ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றான். என் பேரைச் சொல்லவில்லை. என்னை வெட்கப்படுத்தக் கூடாது என்று அவன் நினைத்திருக்கிறான். நான் 'முப்பது பேர்' என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது அன்றைக்கு நான்தான்.

அந்த நிமிடமே எழும்பி தங்கவடிவேல் சேரிடம் போய், "நானும் அங்க இருந்தன், இந்த விசாரணை எனக்குச் சரிவராது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் சாட்சிக் கதிரையில் இருக்க வேண்டி வரும். மாமாவின் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஹாஜியாருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. முதல் விசாரணைத் தவணைக்கு அவர் வரவில்லை. ஆள்தான் வந்தது, "மருமகன்ட கந்தோர்தானே, பாத்துச் செய்வார்" என்ற செய்தியோடு. இரண்டாம் தவணைக்குத் தங்கவடிவேல் சேரின் அறைக்குத் தானே வந்தார். கதிரையில் ஒரு தடவை ஏறி இறங்கி உட்கார்ந்து பார்த்தார், உயரம் போதவில்லை போலும்.

"நான் ஆரையும் நிப்பாட்டல்ல சேர்" என்றார். "அவன் தானா நிண்டுட்டான். இன்னா, அவன்ட குடையும் கடையிலதான் கிடக்கு."

இதுதான் முதலாளிமார் காலங்காலமாகப் பிடிக்கிற பிடி. நிறுத்தினேன் என்று ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினாய் என்று தொழில் நியாயசபையில் முதலாளிதான் காரணம் காட்ட வேண்டும். நிறுத்தவேயில்லை என்றால், நிறுத்தினார் என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். முபாறக்குக்கு முப்பது சாட்சி. அந்த முப்பதில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வரிப்பத்தான்சேனை வயலில் நெல் வெட்டு, இன்னொருவருக்கு அன்றைக்கு ஹாஜியார் இருந்த பக்கத்துக் காதில் பஞ்சு இருந்ததாம். அட, பஞ்சு வைத்த காது எந்தக் காது என்று கேட்டால் இரண்டு காதையும் தொட்டுக் காட்டுகிறார் மனிதர்.

வீட்டில் என் மனைவியிடம் புலம்பினேன். அவள் வேறு குடி, எங்கள் குடியைக் கிண்டல் பண்ணக் கிடைக்கிற எந்தச் சந்தர்ப்பத்தையும் விடமாட்டாள். "ஓங்கட குடியில முப்பது ஆம்புள இருந்தும் ஒரு வாய் இல்ல" என்றாள். பிறகு கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நீங்களும் அங்கதானே இருந்தீங்க?" என்றாள்.

நான் கோப்பையை இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன். சாப்பிடும்போது ஒரு யோசனை வந்தது. எங்கள் குடிக்குச் செயலாளர் ஜுனைத் மாஸ்டர், என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின், மகன். கூட்டத்தில் நடக்கிற எதையும் விடாமல் எழுதுகிறவர். யார் தும்மினாலும் பதிவேட்டில் ஏறும். அடுத்த கூட்டம் எப்போது வரும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்பதால் எங்கள் குடியில் அறிக்கையை அன்றைக்கே வாசித்து அன்றைக்கே தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அவர் வாசிக்கிற நேரம் பிளேன்டீ வரும், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஓடினேன்.

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது! 'தலைவர் அவர்கள் சகோ. முபாறக்கை நோக்கி, "நாளையிலிருந்து என்ட கடைப்படி மிதிக்காத" எனக் கூறினார். பின்னர் பிளேன்டீ வழங்கப்பட்டு ஸலவாத் ஓதிக் கூட்டம் கலைந்தது.' கீழே ஹாஜியாரின் கையெழுத்து, மேலே குடியின் முத்திரை. வேலையால் நிறுத்தும் கடிதத்தை இவ்வளவு ஒழுங்காக நான் எந்தக் கம்பனியிலும் கண்டதில்லை.

"காக்கா, இத கந்தோருக்குத் தருவீங்களா?"

"தாறனா? இருவத்தெட்டு வருஷமா எழுதிறன். இண்டைக்குத்தான் ஒருத்தன் வாசிக்கக் கேட்டிரிக்கான்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. உடுப்பு மாற்றிக்கொண்டு தானே கொண்டுவருவேன் என்று அடம்பிடித்தார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். புத்தகம் சாட்சி சொல்லும், நான் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் தவணையன்று தங்கவடிவேல் சேரின் அறையில் ஹாஜியாரும் முபாறக்கும் உட்கார்ந்திருக்க, மாஸ்டர் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். சேர் மின்விசிறியை நிறுத்தினார். நான் காட்டின பக்கத்தை வாசித்தார். பிறகு, அவர் பழக்கம் அது, அந்தக் கூட்டத்தின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கேதான் வந்தவர்களின் வரவுக் கையெழுத்துகள். ஒவ்வொரு கையெழுத்தாகப் பென்சில் இறங்கி வந்தது. அல்லாஹ்வே, அந்தப் பக்கத்தை நான் நினைக்கவேயில்லை.

"தம்பி, பதினோராவது கையெழுத்து ஆர்ட?"

"என்ட, சேர்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மூன்றாவது கதிரையைக் காட்டினார். "அதில போய் இருங்க." போய் இருந்தேன். இத்தனை வருடம் அந்தக் கதிரைகளை நான்தான் துடைத்து வைத்திருக்கிறேன், ஒரு நாளும் இருந்ததில்லை.

"நீங்க கேட்ட சொல் என்ன? அப்பிடியே."

"'நாளையிலிருந்து என்ட கடைப்படி மிதிக்காத.'"

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல சேர்."

பென்சிலை மேசையில் வைத்துவிட்டு நேரே பேனையால் எழுதினார்: ஒன்றும் சொல்லவில்லை. நான் கையெழுத்திட்டேன். பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு வேலையைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. எழுத்தில் கேட்ட விளக்கத்துக்கு நான் கொடுத்த பதில் இன்னும் என் கந்தோர்க் கோவையில் கிடக்கும்.

ஹாஜியார் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பொய் சொல்வதற்கு அவருக்கு இடமிருந்தது. கோபத்தில் சொன்னது, கடைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இழுத்திருக்கலாம். அந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

"என்ட கையெழுத்துத்தான்" என்றார். "நான் சொன்னதுதான். அவன் எல்லாருக்கும் முன்னால அப்பிடிச் சொன்னது எனக்குத் தாங்கேலாமப் போச்சு."

"அப்ப வேலையில திரும்ப எடுக்கிறீங்களா, நியாயசபைக்குப் போகவா?" என்றார் சேர்.

"எடுக்கிறன். நாளைக்கே வரட்டும். விட்ட நாளெல்லாம் வேலை செஞ்ச நாளாத்தான் கணக்கு."

எல்லோரும் மூச்சு விட்டோம். முபாறக் மட்டும் விடவில்லை. "அல்லாஹ் ஓங்களுக்கு றஹ்மத் செய்யட்டும் ஹாஜியார். ஆனா எல்லாருக்கும் முன்னால போகச் சொன்னீங்க. வரச் சொல்லுறதும் எல்லாருக்கும் முன்னாலதான். இல்லாட்டி நான் காலில விழுந்து வந்ததா ஊர் சொல்லும்."

"கூட்டத்திலயா?" என்று ஹாஜியார் எழும்பிவிட்டார். சேரின் பென்சில் தாளுக்கு மேல் நின்றது. கடைசியில் ஹாஜியார் உட்கார்ந்து, "எழுதுங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். காய்ச்சல்காரர், வெட்டுக்காரர், பஞ்சுக்காரர், ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். இந்தத் தடவை தலைமைக்கு வேறொருவர். ஹாஜியார் எழும்பி, யாரையும் பார்க்காமல், "முபாறக், நாளைக்குக் கடைக்கு வா. நான் சொன்னது பிழை" என்றார். இரண்டே வசனம். அவ்வளவு பெரிய கடை வைத்திருக்கிற மனிதருக்கு அது எவ்வளவு பாரம் என்று முகத்தில் தெரிந்தது.

பிறகு மரைக்காயர் தெரிவு. "ஆருக்காச்சும் கருத்து இரிக்கா?" என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார். முபாறக் எழும்பினான்.

வேலை கிடைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லையே!

"போன தடவை ஹாஜியார் ஒரு பக்கம்தான் கேப்பார் எண்டன்" என்றான். "இப்ப மத்தப் பக்கமும் கேக்கப் பழகிரிக்கார். நல்லம். இன்னும் ஒரு வருஷம் பழகட்டும், பொறகு மரைக்காயராக்குவம்."

இந்தத் தடவை ஒருவருக்கும் சிரிப்பு இருமலாக மாறவில்லை, வாய்விட்டே சிரித்தார்கள். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு அவனையே பார்த்தார். "கதைச்சி முடிஞ்சா?" என்றார். "முடிஞ்சி ஹாஜியார்." "சரி, இரி. காலையில எட்டு மணிக்குக் கடை."

கை உயர்த்தச் சொன்னார்கள். ஆதரவுக்கு மண்டபம் முழுக்கக் கை. எதிர்ப்புக்கு முபாறக்கின் கை ஒன்று, தனியாக. என்னை ஒரு சொல்லால் வீட்டுக்கு அனுப்ப இந்த நாட்டில் யாராலும் முடியாது. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போய்விடுவேன். எதுவும் இல்லாத அவன் கை மேலே நிற்கிறது, எல்லாம் இருக்கிற என் கை தொடைக்குக் கீழே கிடக்கிறது. வெட்கமாக இருந்தது. தூக்கினேன்.

ஹாஜியார் திரும்பிப் பார்த்தார்.

"மருமகன், நீயுமா?"

"ஓம் மாமா" என்றேன். "அண்டைக்கே தூக்கியிரிக்கணும்."